கறுப்பு நுரையீரலும் கடோலினியம் ஊசியும்



ஸ்கேன் சென்டர் பக்கம் போனவங்களுக்கு ரெண்டு கேள்வி பழக்கமா இருக்கும். முதல் கேள்வி, "பிளைனா, கான்ட்ராஸ்ட்டா?" கான்ட்ராஸ்ட்னு சொன்னா உடனே அடுத்தது வரும்: "கிரியாட்டினின் எவ்வளவு? ரிப்போர்ட் இருக்கா?" தலைக்கோ நெஞ்சுக்கோ ஸ்கேன் எடுக்க வந்தவன்கிட்ட எதுக்குய்யா கிட்னி ரிப்போர்ட்டுனு நம்மில் பலபேர் முழிச்சிருப்போம். அந்த ரெண்டாவது கேள்விக்குப் பின்னாடி ஒரு நீளமான, கொஞ்சம் சோகமான வரலாறு இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவுல எழுதப்போறேன். கான்ட்ராஸ்ட் ஊசியோட மொத்தக் கதையும் எழுதினா பத்து பாகம் ஆகும். அதனால ஒரே ஒரு உறுப்பை மட்டும் எடுத்துக்கிறேன்: நுரையீரல். எம்.ஆர்.ஐ மெஷினுக்கு ரொம்ப நாள் தண்ணி காட்டின உறுப்பு அதுதான்.

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க :-)

ஓட்டை இருக்கா, இல்லையா?

இதயத்தோட வலது பக்கத்து ரத்தம் இடது பக்கத்துக்கு எப்படிப் போகுது? இன்னைக்கு பத்தாங்கிளாஸ் பையன் சொல்லிடுவான், நுரையீரல் வழியான்னு. ஆனா இதைக் கண்டுபிடிக்க மனுஷன் பட்ட பாடு இருக்கே... கி.பி. இரண்டாம் நூற்றாண்டுல ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர், இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கு, அது வழியா ரத்தம் கசியுதுன்னு எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். பெரிய மனுஷன் சொல்லிட்டாரே! ஆயிரம் வருஷத்துக்கு மேல அதுதான் வேதவாக்கு.

முதல்ல "அதெல்லாம் கிடையாது"ன்னு எழுதினவர் இப்னு அல் நஃபீஸ். டமாஸ்கஸ் பக்கம் பிறந்து கெய்ரோவில் வேலை பார்த்த மருத்துவர். 1242-ல, இப்னு சீனாவோட உடற்கூறு நூலுக்கு உரை எழுதும்போது, அந்தச் சுவர் கெட்டியானது, கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையும் இல்லை, தெரியாத ஓட்டையும் இல்லை, ரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, இடது பக்கத்துக்குத் திரும்புதுன்னு தெளிவா எழுதியிருக்கார். உரைதானே எழுதினார்னு லேசா நினைச்சுடாதீங்க. நம்ம ஊர் உரையாசிரியர்களும் மூலத்தை விளக்குற சாக்குல சொந்தச் சரக்கை உள்ளே வைக்கிற ஆளுங்கதானே! ஆனா அவர் எழுதினது நூற்றாண்டுக்கணக்கா கவனிப்பாரில்லாம கிடந்துச்சு. 1924-ல தாதாவி என்ற எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்துல அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்த பிறகுதான் உலகத்துக்கே விஷயம் தெரிஞ்சது.

நடுவுல ஐரோப்பாவில் மிகுவேல் செர்வெட்டஸ் இதே விஷயத்தை 1553-ல ஒரு மத நூலுக்குள்ள எழுதினார். அந்த நூலின் மதக் கருத்துக்களுக்காக அதே வருஷம் ஜெனீவாவில் அவரை உயிரோட எரிச்சுட்டாங்க. புத்தகத்தையும் சேர்த்து எரிச்சாங்க, மிஞ்சினது மூணே பிரதி. இந்த ஜெனீவாவை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி ஒரு தடவை வரும்.

அப்புறம் 1628-ல வில்லியம் ஹார்வி ரத்தம் உடம்பு முழுக்க சுத்தி வருதுன்னு நிரூபிச்சார். ஆனா தமனிக்கும் சிரைக்கும் நடுவுல இருக்கிற இணைப்பை அவர் கண்ணால பாக்கலை. ஹார்வி 1657-ல இறந்து நாலு வருஷம் கழிச்சு, 1661-ல, இத்தாலியின் மால்பிகி தவளையோட நுரையீரலை மைக்ராஸ்கோப்புல வெச்சு தந்துகிகளைப் பார்த்தார். நுரையீரலுக்குள்ள ரத்தம் போற வழியை முதன்முதலா ஒரு மனுஷக் கண்ணு பார்த்தது அப்போதான். பார்த்தது தவளையில். உயிரோட இருக்கிற மனுஷனுக்குள்ள பாக்குறது எப்படி?

சாயம் ஊத்தின காலம்

1895-ல எக்ஸ்ரே வந்தது. எலும்பு தெரிஞ்சது, ரத்தம் தெரியலை. ரத்தமும் சதையும் எக்ஸ்ரேக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரத்தத்தைத் தனியாக் காட்டணும்னா எக்ஸ்ரேயை மறைக்கிற ஏதாவது ஒரு சரக்கை அதுல கலக்கணும். அதை இதயத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் விடணும்.

1929-ல ஜெர்மனியில எபெர்ஸ்வால்டே என்ற சின்ன ஊர் ஆஸ்பத்திரியில வெர்னர் ஃபோர்ஸ்மான்னு ஒரு பயிற்சி டாக்டர், வயசு 25. கை நரம்பு வழியா ஒரு மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விடலாம்னு அவருக்கு ஒரு யோசனை. மேலதிகாரி கூடாதுன்னுட்டார். இவர் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கிட்ட பேசி சம்மதிக்க வெச்சார். அந்தம்மா "எனக்கே பண்ணுங்க"ன்னு முன்வந்தாங்க. அவங்களை மேஜையில் படுக்க வெச்சுக் கட்டிப்போட்டுட்டு, குழாயைத் தன் கையிலேயே ஏத்திக்கிட்டார் மனுஷன்! 65 சென்டிமீட்டர் உள்ளே போன குழாயோட நடந்தே எக்ஸ்ரே ரூமுக்குப் போய், நுனி இதயத்துக்குள்ள நிக்குறதைப் படம் எடுத்துக்கிட்டார். அப்புறம் அதே குழாய் வழியா சாயத்தையும் தனக்குள்ளயே விட்டுப் பாத்தார், படம் சரியா வரலை. மருத்துவ உலகம் மதிக்கலை. அவர் சிறுநீரகத் துறைக்குப் போயிட்டார். 1956-ல நோபல் பரிசு தேடி வந்தது, அந்தக் குழாயை வெச்சு நியூயார்க்கில் இதய, நுரையீரல் ரத்த ஓட்டத்தை அளந்த கோர்னான், ரிச்சர்ட்ஸ் ரெண்டு பேரோட சேர்த்து.

1931-ல போர்ச்சுகலில் எகஸ் மோனிஸ் குழுவினர் நுரையீரல் ரத்தக்குழாய்களுக்குள்ள சாயம் விட்டு எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினாங்க. மூளை ரத்தக்குழாய் படத்தை 1927-லயே எடுத்தவர் இந்த மோனிஸ்.

அந்தக் காலத்துல ஒரு சாயம் ரொம்பப் பிரபலம், பேரு தோரோட்ராஸ்ட். தோரியம் டையாக்ஸைடு. படம் பளிச்னு விழும். உடனடியா எரிச்சல் கிடையாது, வாந்தி கிடையாது. டாக்டர்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சிக்கல் என்னன்னா தோரியம் கதிரியக்கப் பொருள், உடம்பை விட்டு வெளியே போகவே போகாது. கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் உக்காந்துக்கிட்டு வருஷக்கணக்கா கதிர்களை விட்டுக்கிட்டே இருக்கும். இருபது, முப்பது வருஷம் கழிச்சு பலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. 1950-கள்ல கைவிட்டாங்க. போட்டுக்கிட்டவங்க பாடு?

இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க மக்களே. படம் நல்லா விழுதுங்கறதும் உடனே ஒண்ணும் ஆகலைங்கறதும், பாதுகாப்பானதுங்கறதுக்குச் சமம் இல்லை. இந்தப் பாடத்தை மருத்துவம் ரெண்டாவது தடவை படிக்க வேண்டியிருந்தது.

1964-ல அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹென்றி வாக்னர் குழு வேற வழி கண்டுபிடிச்சாங்க. ரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் புரதத்தைச் சின்னச் சின்னக் கட்டிகளாக்கி, அதுல கதிரியக்க அயோடினை ஒட்டி, நரம்புல ஊசியாப் போடுறது. கட்டிகள் நுரையீரல் தந்துகிகள்ல போய் மாட்டிக்கும். ரத்தம் போற இடத்துல மாட்டும், ரத்தம் போகாத இடம் காலியாத் தெரியும். நுரையீரல் ரத்தக்குழாய்ல கட்டி அடைச்சிருக்கான்னு கண்டுபிடிக்க அற்புதமான வழி. கதிரியக்கப் பொருளை மாத்திட்டு இன்னைக்கும் பயன்படுத்துறாங்க. ஆனா படம் மங்கலா, புகை மாதிரி இருக்கும்.

காந்தத்துக்கு மட்டும் தெரியாத உறுப்பு

இப்போ எம்.ஆர்.ஐக்கு வருவோம். 1973-ல பால் லாட்டர்பர் காந்த அதிர்வை வெச்சு முதல் படத்தை வெளியிட்டார். ரெண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்ல இருந்த தண்ணியோட படம், அவ்வளவுதான். 1977 ஜூலை 3-ம் தேதி ரேமண்ட் டமாடியான் குழு முதல் மனித உடல் படத்தை எடுத்தாங்க. முதல்ல அவரே மெஷினுக்குள்ள உக்காந்து பாத்தார், உடம்பு பருமனா இருந்ததால சிக்னல் வரலை. அப்புறம் ஒல்லியான உதவியாளர் ஒருத்தரை உக்கார வெச்சாங்க. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆச்சு. என்ன படம் தெரியுமா? நெஞ்சின் குறுக்குவெட்டு. நுரையீரல் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு கறுப்புப் பள்ளம்!

ஏன் கறுப்பு? எம்.ஆர்.ஐ பாக்குறது ஹைட்ரஜன் கருக்களை, அதாவது பெரும்பாலும் தண்ணியை. பள்ளிக்கூட அசெம்பிளியை நினைச்சுக்கோங்க. பெரிய காந்தம் எல்லாப் பசங்களையும் ஒரே திசையில வரிசையா நிக்க வைக்குது. ரேடியோ அலை வந்து ஒரு தள்ளு தள்ளுது, எல்லாரும் பக்கவாட்டுல சாயுறாங்க. சாய்ஞ்ச பசங்க ஒண்ணாக் கத்துற சத்தம்தான் சிக்னல். அப்புறம் அவங்க மறுபடி வரிசைக்குத் திரும்பணும், அப்பதான் அடுத்த தள்ளுக்குத் தயார்.

நுரையீரல்ல மூணு தொல்லை. ஒண்ணு, பசங்களே கம்மி. நுரையீரல் பாதிக்கு மேல காத்து, அதனால மத்த சதையோட ஒப்பிட்டா தண்ணி ரொம்பக் குறைவு. ரெண்டு, கோடிக்கணக்கான காற்றுப் பைகள். காத்தும் சதையும் சேர்ற ஒவ்வொரு எல்லையிலும் காந்தப்புலம் கொஞ்சம் கோணலாகும். அதனால கத்தற பசங்க ஆளுக்கு ஒரு சுருதிக்குப் போயிடுறாங்க. 1.5 டெஸ்லா மெஷின்ல நுரையீரல் சிக்னல் ஒண்ணு, ரெண்டு மில்லிசெகண்டுல அடங்கிடும். மெஷின் காது கொடுக்குறதுக்குள்ள சத்தம் முடிஞ்சுபோச்சு! மூணாவது, இதயம் துடிக்குது, நெஞ்சு ஏறி இறங்குது. ஒரு நிமிஷம் சும்மா இருக்காத உறுப்பு.

இத்தனைக்கும் உடம்பின் மொத்த ரத்தமும் போய்வர்ற இடம் அது. ஓய்வா இருக்கும்போதே நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர். ஒரு ரத்த அணு நுரையீரல் தந்துகியைத் தாண்ட முக்கால் விநாடிதான் எடுத்துக்குது. அம்புட்டு ரத்தம் ஓடுற உறுப்பு, ரத்தத்தைப் பாக்கிற மெஷினுக்கு வெறும் கறுப்பு.

பி.டி. மாஸ்டர் வருகிறார்

காந்தத் தன்மை உள்ள உலோகத்தைத் தண்ணியில கலந்தா பசங்க சீக்கிரம் வரிசைக்குத் திரும்புவாங்கங்கிறது 1940-கள்லயே தெரியும். காந்த அதிர்வைக் கண்டுபிடிச்சவர்கள்ல ஒருத்தரான ஃபெலிக்ஸ் பிளாக்கே இரும்பு உப்பைக் கலந்து பாத்திருக்கார். 1978-ல லாட்டர்பர் குழு நாய்களுக்கு மாங்கனீஸ் கொடுத்து இதயத்துல ரத்தம் போகாத பகுதியைப் பிரிச்சுக் காட்டினாங்க.

ஆனா இந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் கடோலினியம். 1880-ல மாரின்யாக் என்பவர் கண்டுபிடிச்ச தனிமம். எங்கே? அதே ஜெனீவாவில்! நுரையீரல் ரத்த ஓட்டத்தைப் பத்தி எழுதினவரை எரிச்ச ஊர்ல, அதே ரத்த ஓட்டத்தைப் பின்னாளில் காட்டப்போற உலோகம் கண்டுபிடிக்கப்பட்டது. வரலாறு சில சமயம் நம்மளைவிட நல்லாவே கதை எழுதுது.

கடோலினியம் அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஏழு. அதனால அது ஒரு கண்டிப்பான பி.டி. மாஸ்டர் மாதிரி. விசிலோட நடந்து போனா பக்கத்துல நிக்கிற பசங்க எல்லாம் டக்குனு வரிசைக்கு வந்துடுவாங்க, அடுத்த தள்ளுக்கு ரெடி. சிக்னல் பளிச்னு வரும். கவனிங்க, எக்ஸ்ரேக்குப் போடுற அயோடின் சாயம் தன்னையே காட்டுது. கடோலினியம் தன்னைக் காட்டுறதில்லை, தனக்குப் பக்கத்துல இருக்கிற தண்ணியைத்தான் காட்டுது.

ஆனா சும்மா அப்படியே ஊசி போட முடியாது. கடோலினியம் அயனி அளவுல கால்சியத்தை ஒத்திருக்கும். கால்சியம் போற இடத்துல எல்லாம் இது நுழைஞ்சு வேலையைக் கெடுக்கும். நல்ல விஷம். அதனால அதை ஒரு கூண்டுக்குள்ள அடைக்கணும். மேற்கு பெர்லின் ஷெரிங் கம்பெனியில ஹான்ஸ் யோவாகிம் வைன்மான் குழுவினர் டி.டி.பி.ஏ என்ற மூலக்கூறைக் கூண்டாக்கினாங்க. அது எட்டுக் கையால கடோலினியத்தைப் பிடிச்சுக்கும். ஒன்பதாவது இடம் தண்ணிக்காகத் திறந்திருக்கும், பி.டி. மாஸ்டர் விசில் ஊதுறது அந்த ஜன்னல் வழியாத்தான். சிறுநீரகம் ரெண்டும் நல்லா இருந்தா ஒன்றரை மணி நேரத்துல பாதி மருந்து வெளியே போயிடும். 1984-ல ஆய்வு முடிவுகள் வந்தன. 1988-ல மேக்னவிஸ்ட் என்ற பேர்ல அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது.

ஆரம்பத்துல எல்லாம் மூளை, முதுகுத்தண்டு. நுரையீரல் பக்கம் யாரும் அதிகம் வரலை, மெஷின் வேகம் பத்தலை. 1990-களின் நடுவில் வேகமான மெஷின்கள் வந்ததும் கதை மாறுச்சு. 1996-ல ஹிரோட்டோ ஹடாபு குழு மிகக் குறைஞ்ச எதிரொலி நேரத்தை வெச்சு, ஊசி போட்ட கடோலினியம் நுரையீரலுக்குள்ள பரவுறதைப் படம் படமா எடுத்துக் காட்டினாங்க. சிக்னல் அடங்குறதுக்குள்ள காது கொடுத்துட்டாங்க! 1997-ல ஜேம்ஸ் மீனி குழு, நுரையீரல் அடைப்பு இருக்குமோன்னு சந்தேகப்பட்ட 30 பேருக்கு கடோலினியம் போட்டு ரத்தக்குழாய்ப் படம் எடுத்து, பழைய எக்ஸ்ரே முறையோட ஒப்பிட்டு நம்பிக்கை தர்ற முடிவை வெளியிட்டாங்க.

எப்படி எடுக்குறாங்க? கை நரம்புல ஊசி, மெஷின் மூலமா வேகமா ஒரே மூச்சுல மருந்து உள்ளே போகும், பின்னாடியே உப்புத் தண்ணி தள்ளிவிடும். "மூச்சை இழுங்க... புடிங்க..." அந்த இருபது விநாடிக்குள்ள விநாடிக்கு ஒண்ணுன்னு நெஞ்சு முழுக்கப் படம். முதல்ல இதயத்தின் வலது பக்கம் வெளுக்கும், அப்புறம் நுரையீரல் தமனி, அப்புறம் நுரையீரலே பஞ்சு மாதிரி வெளுத்துப் பூக்கும், கடைசியா இடது பக்கம். இப்னு அல் நஃபீஸ் 1242-ல எழுதின அதே வரிசை! ஊசிக்கு முன்னாடி எடுத்த கறுப்புப் படத்தை இதுல இருந்து கழிச்சா மிஞ்சுறது ரத்தம் மட்டும். கட்டி அடைச்சிருக்கிற இடம் வெளுக்காம ஆப்பு வடிவத்துல கறுப்பாவே நிக்கும்.

அளக்கவும் முடியும். வாய்க்கால்ல மஞ்சள் கரைச்சு ஊத்திட்டு, கீழ ஒரு இடத்துல நின்னு பாருங்க. மஞ்சள் எப்போ வருது, எவ்வளவு நேரத்துல கடந்து போகுதுன்னு பாத்தா, தண்ணி ஓட்டத்தைக் கணக்குப் போட்டுடலாம். 1890-கள்ல ஸ்டூவர்ட் என்ற உடலியல் நிபுணர் உப்புக்கரைசலை ஊசி போட்டு ரத்த ஓட்டத்தை அளந்த கணக்குதான் இது. இருக்கிற ரத்தத்தின் அளவைக் கடக்கிற சராசரி நேரத்தால வகுத்தா ஓட்டம். ஒரு சூட்சுமம் உண்டு. மருந்து அதிகமாப் போனா வெண்மை ஒரு அளவுக்கு மேல ஏறாது, கணக்கு தப்பாயிடும். அளக்கணும்னா கம்மியாப் போடணும். படம் அழகா வேணுமா, கணக்கு சரியா வேணுமாங்கிறது இங்கே ரெண்டு வேற விஷயம்.

இன்னொரு அழகு, புவியீர்ப்பு கண்ணுக்குத் தெரியும். நின்னா நுரையீரலின் அடிப்பகுதிக்குத்தான் அதிக ரத்தம்னு 1960-கள்ல ஜான் வெஸ்ட் லண்டன்ல காட்டியிருந்தார். எம்.ஆர்.ஐல மல்லாக்கப் படுத்திருக்கிறதால முதுகுப் பக்கம் அதிகம் வெளுக்கும்.

கிட்னிக்காரர்களுக்குக் கொடுத்த பரிசு

இனிமே வர்றதுதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

எக்ஸ்ரே, சி.டிக்குப் போடுற அயோடின் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்னு டாக்டர்களுக்குப் பயம் உண்டு. ஏற்கெனவே கிட்னி பாதிச்சவங்களுக்கு என்ன பண்றது? "கடோலினியம் இருக்கே! கிட்னிக்கு ஒண்ணும் பண்ணாது"ன்னு 1990-கள்ல அவங்களை எம்.ஆர்.ஐக்கு அனுப்பினாங்க. ரத்தக்குழாய்ப் படத்துக்கு வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு மருந்து போடுறதும் சகஜமா இருந்தது. நல்ல எண்ணத்தோடதான் செஞ்சாங்க, அதுல சந்தேகமே இல்லை.

1997-ல கலிஃபோர்னியாவில் சில டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் புதுசா ஒரு வியாதி. கை கால் தோல் மரக்கட்டை மாதிரி இறுகிடும். மூட்டை மடக்க முடியாது. சிலருக்கு உள்ளுறுப்புகளும் இறுகி உயிரே போயிருக்கு. 2000-ல இதைப் புது வியாதியா மருத்துவ இதழ்ல பதிவு பண்ணினாங்க. காரணம் தெரியலை. எல்லாரும் கிட்னி நோயாளிகள், அது மட்டும்தான் பொதுவாத் தெரிஞ்சது. ஆறு வருஷம் ஆச்சு. 2006-ல ஆஸ்திரியாவில் தாமஸ் க்ரோப்னர் என்ற சிறுநீரக மருத்துவர், கடோலினியம் போட்டு எம்.ஆர்.ஐ எடுத்த தன்னோட ஒன்பது நோயாளிகள்ல அஞ்சு பேருக்கு இந்த வியாதி வந்ததை எழுதினார். அதே வருஷம் டென்மார்க்கில் இருந்து 13 பேர் பத்தின அறிக்கை வந்தது, 13 பேரும் ஒரே வகை கடோலினியம் மருந்து போட்டுக்கிட்டவங்க. 2007-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கறுப்புக் கட்டம் கட்டின எச்சரிக்கையை எல்லா கடோலினியம் மருந்துலயும் போடச் சொன்னாங்க.

நடந்தது இதுதான். சிறுநீரகம் வேலை செய்யாதவங்க உடம்புல மருந்து ஒரு நாளுக்கு மேலயும் சுத்திக்கிட்டே இருக்கும். அவ்வளவு நேரம் சுத்தும்போது சில கூண்டுகள் பிடியைத் தளர்த்திடுது, உள்ளே இருக்கிற கடோலினியம் வெளியே வந்துடுது. கூண்டுல ரெண்டு வகை. நீளவாக்குல சங்கிலி மாதிரி இருந்து கடோலினியத்தைச் சுத்திப் பிடிக்கிறது ஒண்ணு, வளையமா மூடி உள்ளே பூட்டுறது இன்னொண்ணு. வியாதி பெரும்பாலும் சங்கிலி வகையால வந்தது. வளைய வகை 1989-லயே பிரான்சில் விற்பனைக்கு வந்துடுச்சு என்பதை இங்கே சொல்லியே ஆகணும்.

யோசிச்சுப் பாருங்க. எந்த மருந்து கிட்னிக்காரர்களுக்குப் பாதுகாப்புன்னு தேடிக் கொடுத்தாங்களோ, அந்த மருந்து கிட்னிக்காரர்களுக்கு மட்டும்தான் வினையாச்சு. மத்தவங்க கோடிக்கணக்குல போட்டுக்கிட்டு ஒண்ணும் ஆகாம வீட்டுக்குப் போனாங்க. அதனாலதான் கண்டுபிடிக்கவும் இத்தனை நாள் ஆச்சு. மொத்தக் கணக்குல பாத்தா மருந்து தங்கம். அந்தக் கணக்குல ஒரு சின்னக் கூட்டம் மறைஞ்சு போச்சு.

எங்க சித்தப்பா டயாலிசிஸ்ல இருக்கிறவர். ஒரு தடவை மூச்சு வாங்குதுன்னு கூட்டிட்டுப் போனப்போ, ஸ்கேன் எடுக்கிற பையன் கிட்னி ரிப்போர்ட்டைக் கேட்டுக்கிட்டே இருக்க, "மூச்சு வாங்குதுன்னு வந்தா கிட்னியைப் பத்தியே கேக்குறானேடா"ன்னு சித்தப்பாவுக்குக் கோவம். வீட்டுக்கு வந்தப்புறம் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ அந்தக் கேள்வியைக் கேக்க வெச்சது எவனோ ஒருத்தனோட தோலுடா"ன்னார். இதைவிடச் சுருக்கமா என்னால எழுத முடியாது.

எச்சரிக்கைக்கு அப்புறம் கிரியாட்டினின் பாக்க ஆரம்பிச்சாங்க, வளைய வகைக்கு மாறினாங்க, மருந்து அளவைக் குறைச்சாங்க. புதுசா வியாதி வர்றது கிட்டத்தட்ட நின்னே போச்சு. அந்த ஒரு கேள்விக்கு அவ்வளவு பலன்.

ஆனா கதை அதோட முடியலை. 2014-ல ஜப்பான்ல கண்டா குழு, பலமுறை கடோலினியம் போட்டுக்கிட்டவங்க மூளையின் சில பகுதிகள் ஊசி போடாமலேயே வெளுத்துத் தெரியுறதைக் கவனிச்சாங்க. கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கும் கொஞ்சம் உள்ளே தங்குதுன்னு புரிஞ்சது. அதனால மூளைக்குக் கெடுதல்னு நிரூபணம் ஆகலை. இருந்தாலும் 2017-ல ஐரோப்பிய மருந்து ஆணையம் நரம்புல போடுற சங்கிலி வகை மருந்துகள் பலதை நிறுத்தி வெச்சது. தோரோட்ராஸ்ட் காலத்தோட ஒப்பிட்டா பெரிய முன்னேற்றம்தான். அப்போ வியாதி வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க, இப்போ தடயம் தெரிஞ்ச உடனே கை வெச்சாங்க.

அப்போ நுரையீரல் எம்.ஆர்.ஐ என்ன ஆச்சு?

நேர்மையாச் சொல்லணும்னா, அவசரத்துக்கு சி.டிதான் ஜெயிச்சது. 2010-ல வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல 371 பேருக்கு எம்.ஆர்.ஐ ரத்தக்குழாய்ப் படம் எடுத்தாங்க. நாலுல ஒருத்தருக்குப் படமே தேறலை. தேறின படங்கள்ல அடைப்பு உள்ளவங்கள்ல 78 சதவீதம் பேரைத்தான் கண்டுபிடிச்சது. மூச்சுத் திணறலோட வர்றவரை மெஷினுக்குள்ள படுக்க வெச்சு இருபது விநாடி மூச்சைப் புடிங்கன்னா எப்படிங்க முடியும்? சி.டி சில விநாடியில முடிஞ்சிடும்.

ஆனா திரும்பத் திரும்பப் படம் எடுக்கணும், கதிர்வீச்சு கூடாதுங்கிற இடத்துல எம்.ஆர்.ஐக்கு மரியாதை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைகளை எடுத்துக்கோங்க. சளி அடைச்சு காத்து போகாத இடத்துக்கு நுரையீரல் தானாகவே ரத்தத்தையும் குறைச்சிடும். 1946-ல ஸ்வீடன்ல ஆய்லர், லில்யஸ்ட்ராண்ட் ரெண்டு பேரும் பூனையில கண்டுபிடிச்ச விஷயம் இது. அதனால ரத்த ஓட்டப் படத்தைப் பாத்தே எந்த இடம் கெட்டுக்கிட்டு வருதுன்னு சொல்லலாம்.

அந்தக் குழந்தைகளுக்கு வருஷா வருஷம் கடோலினியமான்னு நீங்க கேப்பீங்க. ஆராய்ச்சியாளர்களும் அதையேதான் கேட்டாங்க. 2009-ல ஜெர்மனியில பௌமான் குழு ஊசியே இல்லாம ஒரு வழி சொன்னாங்க. நுரையீரலை வேகமாப் படம் எடுத்துக்கிட்டே போனா, அதுல ரெண்டு தாளம் கலந்திருக்கும். மெதுவானது மூச்சு, வேகமானது இதயத் துடிப்பு. கச்சேரியில மிருதங்கத்தையும் கடத்தையும் காது பிரிச்சுக் கேக்குற மாதிரி, கணக்குப் போட்டு ரெண்டு தாளத்தையும் பிரிச்சா, மூச்சுத் தாளம் காத்து போற இடத்தைச் சொல்லும், துடிப்புத் தாளம் ரத்தம் போற இடத்தைச் சொல்லும். மூச்சைப் புடிக்கவும் வேண்டாம்! 2018-ல இதையே மேம்படுத்தி ஹனோவரில் இன்னொரு முறை வந்தது. கடோலினியத்துலயும் பாதி அளவு போட்டாலே போதும்கிற புது வளைய வகை மருந்துக்கு 2022-ல அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது.

எந்த உறுப்பைக் காட்ட சாயம் கண்டிப்பா வேணும்னு நூறு வருஷமா தேடினாங்களோ, அதே உறுப்பை சாயம் இல்லாமப் பாக்க இன்னைக்கு வழி தேடுறாங்க. இது தோல்வி இல்லை. கடோலினியம் எது சரியான படம்னு காட்டிக் கொடுத்ததால்தான், ஊசி இல்லாத முறை சரியா தப்பான்னு ஒப்பிட்டுப் பாக்கவே முடியுது.

அதனால அடுத்த தடவை "கிரியாட்டினின் எவ்வளவு?"ன்னு யாராவது கேட்டா சலிச்சுக்காதீங்க. ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுங்க. உங்களுக்கு வேண்டியவங்களுக்குக் கிட்னி தொந்தரவு இருந்து, அந்தக் கேள்வியை யாரும் கேக்கலைன்னா, நீங்களே வாயைத் திறந்து சொல்லிடுங்க. மருந்து எந்த வகைன்னும் கேளுங்க, கேக்குறதுல ஒண்ணும் தப்பில்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, படிக்கிற கிறுக்கு உள்ள ஆள் அவ்வளவுதான். இதைப் படிச்சுட்டு ஸ்கேன் வேண்டாம்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க, உங்க டாக்டரைக் கேளுங்க. ரேடியாலஜி தெரிஞ்ச பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல மேல சொல்லுங்க, கத்துக்கிறேன் :-)